தருமபுரி – கிருஷ்ணகிரி – தேன்கனிக்கோட்டை: மூன்று நாள் சைக்கிள் சுற்று

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நாற்கரச் சாலையில் போனால் சுமார் 45 கிலோமீட்டர். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மிதித்தாலும் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். அதே ஊருக்குப் பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, காவேரிப்பட்டினம் என்று சுற்றிப் போனால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இங்கே சொல்லப்போவது அந்த 70-ஐப் பற்றி. அதற்கடுத்து ராயக்கோட்டை வழியாக மேட்டுச் சீமைக்கு ஏறித் திரும்பும் இன்னும் இரண்டு நாளைப் பற்றி.

பிரான்சின் நாட்டுப்புறத்தில் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்கள் பெருஞ்சாலையைத் தொடுவதில்லை. ‘டி’ எழுத்தும் எண்ணும் போட்ட மாவட்டச் சாலைகளைப் பிடித்து, கோதுமை வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே ஏறி இறங்கி, கிராமம் கிராமமாகப் போவார்கள். லுவார் ஆற்றங்கரையை ஒட்டி 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் தடமே இருக்கிறது. நம் பக்கம் தடம் போட்டு யாரும் தரவில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் இருக்கிறது: ஏறி இறங்கும் செம்மண் பூமி, போக்குவரத்துக் குறைந்த ஊரகச் சாலை, மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஓர் ‘அள்ளி’ அல்லது ‘பட்டி’, ஊர் முகப்பில் புளியமரம், அதன் நிழலில் எப்போதோ மாடு மீட்கப் போய் இறந்தவனுக்கு நட்ட கல். பிரான்சில் மதியம் 12 மணிக்கு மேல் கிராமத்துக் கடைகள் இரண்டு மணி நேரம் சாத்திக் கிடக்கும். இங்கே டீக்கடை அடுப்பு அணைவதில்லை.

எந்த மாதம், எந்தத் திசை

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். காலையில் ஓசூர்ப் பக்கம் பனி மூடும், பகலில் வெயில் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை 10 மணிக்கே தார் கொதிக்கும். மாம்பழத்துக்காகத்தான் வருவேன் என்றால் 5.30-க்குக் கிளம்பி 10.30-க்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் மழை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று சும்மா விடாது. கிருஷ்ணகிரியிலிருந்து தேன்கனிக்கோட்டை மேற்கே இருக்கிறது. ஏற்றமும் எதிர்காற்றும் ஒரே நாளில் சேர்ந்தால் மணிக்கு 8 கிலோமீட்டர் போவதே பெரிய காரியம்.

திசையை மாற்றாதீர்கள். முதல் நாள் கீழ்நிலத்திலேயே போய்க் கால் பழகும். இரண்டாம் நாள் கிருஷ்ணகிரியின் 500 மீட்டர் உயரத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய மேட்டு நிலத்துக்கு ஏறுவீர்கள். மூன்றாம் நாள் தூரம் அதிகம், ஆனால் மொத்தத்தில் இறக்கம். தலைகீழாகப் போனால் முதல் நாளே 80 கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். பலர் ராயக்கோட்டையிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருபவர்கள் ரயிலில் தருமபுரிக்கு வந்து தொடங்குவது நல்லது. சேலம் – பெங்களூர் பாதையில் தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் நான்கும் இருக்கின்றன. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. சேலத்திலிருந்து சைக்கிளிலேயே வந்துவிடலாம் என்று தொப்பூர்க் கணவாயில் ஏறாதீர்கள். பிரேக் சூடேறிய லாரி இறங்கும் சாலை அது. அங்கே சைக்கிளுக்கு ஒதுங்க இடம் கிடையாது. ரயிலில் சைக்கிளைப் பார்சலாகப் பதிவதென்றால் ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போங்கள். எல்லா நிலையத்திலும் பார்சல் பதிவு இருக்காது, சின்ன நிலையங்களில் வண்டி நிற்பதும் ஓரிரு நிமிடம்தான். சக்கரம் இரண்டையும் கழற்றிக் கோணிப்பையில் கட்டி, கை லக்கேஜ் அளவுக்குச் சுருக்கிக் கொண்டுபோகப் பழகியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வண்டி

புதுச் சைக்கிள் வாங்க வேண்டிய அவசியமில்லை. வேண்டியது ஒன்றே ஒன்று, இறங்கிய கியர். முன்பல் எண்ணிக்கையைப் பின்பல் எண்ணிக்கையால் வகுத்தால் 1-க்குக் கீழே வர வேண்டும். சாதாரண மூன்று தட்டுக் கியர் சைக்கிளில் முன்னால் சின்னத் தட்டு 24 பல், பின்னால் பெரியது 28 பல் என்றால் 0.86, போதும். ரோட்ஸ்டர் எனப்படும் பழைய 28 இஞ்ச் வண்டியில் 44-க்கு 18, அதாவது 2.4-க்கு மேல். சுமையோடு ராயக்கோட்டை மேடு அதில் ஏறாது; தள்ளத்தான் வேண்டும்.

மலைச்சைக்கிளில் வரும் 2 இஞ்ச் கட்டை டயரைக் கழற்றிவிட்டு, 1.5 அல்லது 1.75 இஞ்ச் வழவழப்பான டயர் போடுங்கள். அதே காலுக்கு மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். பெரிய, மெல்லிய சக்கரமுள்ள 700சி வண்டியென்றால் 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர். 35 இன்னும் நல்லது. 70 கிலோ எடையுள்ளவர் 8 கிலோ சுமையோடு 35 டயரில் போக முன்னால் 45, பின்னால் 55 பிஎஸ்ஐ காற்று போதும். 80 அடித்தால் வேகம் கூடும் என்று நினைப்பது தவறு. சல்லி பெயர்ந்த ஊர்ச்சாலையில் சக்கரம் துள்ளும், மணிக்கட்டு மரத்துப்போகும்.

வால்வ் விஷயத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கிராமத்துச் சைக்கிள் கடையில் இருப்பது வால்டியூப் போட்ட நாட்டு வால்வும் அதற்கான பம்பும். பெட்ரோல் பங்கில் இருப்பது மோட்டார் வண்டி வால்வுக்கான குழாய். மெல்லிய பிரெஸ்டா வால்வ் இரண்டுக்குமே பொருந்தாது. முடிந்தால் மோட்டார் வண்டி வால்வ் வைத்த ட்யூபையே போடுங்கள். இல்லையென்றால் அரை விரல் நீளப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்வோடு திருகியே வைத்துவிடுங்கள், பையில் போட்டால் தேடும்போது கிடைக்காது. பங்கில் காற்றுப் பிடிக்கும்போது ஒரே அழுத்தாக அழுத்தாமல் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். அந்த இயந்திரம் லாரி டயருக்கானது. சைக்கிள் ட்யூபை இரண்டு நொடியில் வெடிக்க வைக்கும்.

சீட் உயரம்: மிதிகட்டை அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீண்டிருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் தாழ்வாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். பத்து கிலோமீட்டருக்குத் தெரியாது, ஐம்பதாவதில் முட்டியின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும்.

சுமை

மூன்று நாளுக்கு 8 கிலோ தாண்டக் கூடாது. முதுகில் பை மாட்டாதீர்கள்; வியர்வை நின்று முதுகு வெந்துபோகும். பின் கேரியரின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பைதான் சரி. கேரியரைப் பிடித்திருப்பது நான்கு 5 மில்லிமீட்டர் போல்ட். ஊருக்கு ஊர் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அந்த போல்ட் ஒரு நூல் தளர்கிறது. இரண்டாம் நாள் மாலை ஒன்று விழும், மறுநாள் இன்னொன்று, பிறகு கேரியர் சரிந்து பை சக்கரக் கம்பிக்குள் போகும். தினமும் காலையில் 4 எண் ஆலன் கீயை வைத்து நான்கையும் ஒரு முறை இறுக்குங்கள். உபரியாக நான்கு போல்ட் கையில் வையுங்கள். மேலே கட்ட நைலான் கயிறு வேண்டாம். பழைய ட்யூபை நீளவாக்கில் அறுத்த பட்டை எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்கும். இழுத்துக் கட்டினால் நழுவாது.

கருவிகளில் விடக்கூடாதவை: இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும், இரண்டு டயர் லிவர், கைப்பம்ப், 4, 5, 6 எண் ஆலன் கீ, செயின் அறுக்கும் கருவி, உங்கள் பின் சக்கரத்தின் அளவுக்கே வாங்கிய மூன்று கம்பி. கம்பி ஒடிவது பெரும்பாலும் பின் சக்கரத்தில், செயின் இருக்கும் பக்கத்தில். எடை அங்கேதான் விழுகிறது. பாலக்கோட்டிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள பழைய சைக்கிள் மெக்கானிக் சக்கரக் கோட்டம் எடுப்பதில் கைதேர்ந்தவர், ஆனால் உங்கள் வண்டியின் கம்பி நீளம் அவரிடம் இருக்காது. கம்பியை நீங்கள் கொடுத்தால் வேலையை அவர் அரை மணியில் முடித்துக் கொடுப்பார்.

முள்

இந்தச் சுற்றில் ஒரு பஞ்சராவது நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் முழுக்க வேலிக்காத்தான். வேலிக்கு வெட்டிப் போட்டதும் வண்டியில் ஏற்றிப்போனதும் தார்மேல் உதிர்ந்து கிடக்கும். அந்த முள்ளின் குணம் என்னவென்றால், டயருக்குள் இறங்கியதும் வெளியே நீட்டிய பகுதி தேய்ந்து போய்விடும். நுனி மட்டும் ரப்பருக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அதுவும் நனைத்துத் துடைத்தால்தான் தெரியும். புது ட்யூபைப் போட்டு ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி காற்று இறங்கினால் காரணம் அதுதான். ட்யூபைக் குறை சொல்ல வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ட்யூபை எடுத்துக் காற்றடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் மெல்லச் சுற்றிக் கொண்டுவந்தால் ஓட்டையின் காற்று தோலில் படும். வால்விலிருந்து அந்த ஓட்டை எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறதோ, கோட்டிலிருந்து டயரில் அத்தனை தள்ளிப் பாருங்கள். உள்பக்கத்தைப் பழைய பருத்தித் துணியால் தடவுங்கள். வெறும் விரலால் தடவினால் முள் விரலில் ஏறும். துணி ஓரிடத்தில் நூல் பிடித்து நிற்கும். அங்கே டயரை வெளிப்பக்கமாக மடக்கினால் முள் நுனி உள்ளே எழும்பி நிற்கும். நகவெட்டியால் கடித்து இழுத்தால் வந்துவிடும். அதன் பிறகும் முழுச் சுற்றும் ஒரு முறை துணியை ஓட்டுங்கள். வேலிக்காத்தான் ஒற்றை முள்ளோடு விடுவது அபூர்வம்.

இன்னொரு தொல்லை தை மாதத்துக்கே உரியது. அறுத்த ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் போக வர வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். லாரிக்கு ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு அது வழுக்குத் தரை; அதைவிட மோசம், கொள்ளுக்கொடி பின் கியரில் கயிறுபோலச் சுற்றிக்கொண்டு செயினைப் பல் மாற்றும் டீரெய்லரையே கம்பிக்குள் இழுத்துவிடும். தூரத்தில் பழுப்பாகத் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் இடம் விட்டிருந்தால் அதில் போங்கள். இல்லையென்றால் இறங்கி, பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடங்கள். பக்கத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடந்தால் அவரே கோலால் ஒதுக்கி வழி விடுவார்.

முதல் நாள்: தருமபுரி – பாப்பாரப்பட்டி – பாலக்கோடு – காவேரிப்பட்டினம் – கிருஷ்ணகிரி, 70 கி.மீ.

முந்தின நாளே தருமபுரிக்கு வந்துவிட்டால் மாலையில் 8 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அதியமான்கோட்டைக்கு வெறும் வண்டியோடு போய்வரலாம். சுமையில்லாமல் சீட்டையும் கியரையும் சோதிக்க அதுவே ஓட்டம். சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களை அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும், பரவாயில்லை, பாருங்கள். தேய்பிறை அஷ்டமி என்றால் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம்: காலபைரவர் கோயிலுக்குச் சாம்பல் பூசணி விளக்கேற்ற வரும் கூட்டத்தில் சைக்கிள் நகராது. தருமபுரிதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஜம்பைக் கல்வெட்டில் அவன் பெயர் ‘சதியபுதோ’ என்ற பட்டத்தோடு இருக்கிறது, அசோகன் கல்வெட்டில் வரும் அதே பெயர்.

காலை 6.15-க்குக் கிளம்புங்கள். பாப்பாரப்பட்டி 16 கிலோமீட்டர். காலை உணவு அங்கே. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் இறந்தது இந்த ஊரில். நினைவு மண்டபம் இருக்கிறது. தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தபோது, நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போனவர் அவர். சைக்கிளில் வருகிறவர் அங்கே பத்து நிமிடம் நிற்காமல் போகக் கூடாது.

அங்கிருந்து பாலக்கோடு 13 கிலோமீட்டர். தக்காளிக் காலமென்றால் மண்டிச் சாலை முழுக்க டெம்போவும் கூடையும். நசுங்கிய தக்காளியில் சக்கரம் எண்ணெய்போல வழுக்கும், முன் பிரேக்கைத் தொடாமல் போங்கள். பாலக்கோட்டிலிருந்து கிழக்கே திரும்பிக் காவேரிப்பட்டினம் 25 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தத் துண்டில்தான் நிலம் அலை அலையாக ஏறி இறங்கும். இறக்கத்தில் கிடைத்த வேகத்தை வீணாக்காமல் அடுத்த ஏற்றத்தின் பாதிவரை கொண்டுபோவதே இங்கே சாமர்த்தியம்: இறக்கம் முடியும் முன்பே ஒரு கியர் இறக்குங்கள், ஏற்றத்தில் கால் கனத்த பிறகு இறக்கினால் செயின் நறநறவென்று தாவும், சமயத்தில் கழன்றும் விழும்.

காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணை வந்து சேரும். தென்னந்தோப்பும் இளநீரும் இங்கே. நிப்பட்டு அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அரிசிமாவும் கடலையும் உப்பும் எண்ணெயும் சேர்ந்தது, வியர்த்த உடம்புக்கு பிஸ்கட்டைவிட நல்ல தீனி. வைகாசி, ஆனியில் வந்தால் மாங்காய் மண்டிகள் திறந்திருக்கும். பெங்களூரா, செந்தூரா, மல்கோவா என்று வகை கேட்டு வாங்கலாம். வழியில் கிருஷ்ணகிரி அணைக்கு ஒரு திருப்பம், பிறகு ஊர்.

மதியம் 2 மணிக்குள் கிருஷ்ணகிரி சேர்ந்துவிட்டால் குளித்துச் சாப்பிட்டு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆகவே வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரியில் வந்து விழாதபடி நாளைக் குறியுங்கள். நடுகற்களை இங்கே நிதானமாகப் பார்த்துவிட்டால் மறுநாள் வயலோரத்தில் நிற்கும் கல்லும் புரியும்: வாளும் வில்லும் ஏந்தியவன் வீரன், பக்கத்தில் மாடு இருந்தால் ஆநிரைச் சண்டை, மேலே மகளிர் கைபிடித்துத் தூக்கிப்போவது அவன் வானுலகம் சேர்ந்தது. அந்தக் கற்கள் இன்றும் பூசை வாங்குகிறவை. சைக்கிளைச் சாய்த்து வைக்கவோ, எழுத்து தெரியவில்லையென்று சாக்பீஸ் பூசவோ வேண்டாம். மாலை 4 மணிக்கு மேல் கோட்டை மலை ஏறலாம். 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை இரவில் ஏறிப் பார்த்து, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் இறங்கிய மலை இது. மேலே தண்ணீர் கிடைக்காது, ஒரு லிட்டர் எடுத்துப் போங்கள்.

தண்ணீர்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு நடமாடும் பெரியவர்களைப் பார்ப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். மூன்று நாள் குடிப்பதால் எலும்பு கெட்டுவிடாது, அது வருடக்கணக்கில் சேரும் நோய். ஆனால் கடின நீர் பழகாத வயிற்றைக் கலக்கும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. புட்டியை நிரப்பும்போது, “அண்ணா, ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா?” என்று கேட்டால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர்களும் இதைக் கேட்டுத்தான் குடிக்கிறார்கள்.

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தேவை. வெயிலில் ஒவ்வொரு மூன்றாவது புட்டியிலும் உப்பு சர்க்கரை: ஒரு லிட்டருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சாப்பாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். களியும் கீரைக் குழம்பும் இந்தச் சீமையின் உயிர், ஆனால் அதை மாலையில் சாப்பிடுங்கள். மிதிக்கும்போது நடுவழியில் ஓர் உருண்டை களி தின்றால் ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடும், கால் எழாது. பகலில் மணிக்கு ஒரு வாழைப்பழம், ஒரு கடலை மிட்டாய், கிடைத்தால் கூழும் மோரும். பசி வந்த பிறகு தின்பது தாமதம்.

இரண்டாம் நாள்: கிருஷ்ணகிரி – ராயக்கோட்டை – கெலமங்கலம் – தேன்கனிக்கோட்டை, 60 கி.மீ.

தூரம் குறைவு, வேலை அதிகம். ராயக்கோட்டைவரை 28 கிலோமீட்டர். ஏற்றம் ஒரே மலையாக இல்லாமல் துண்டு துண்டாக வரும். ஏறும்போது பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் ஒரு கியர் இறக்குங்கள். எழுந்து நின்று மிதிப்பது சுமை வண்டிக்கு ஆகாது, பைகள் இரண்டு பக்கமும் ஆடிக் கேரியர் போல்ட்டைத்தான் தின்னும்.

தலைக்குமேல் பாறையாக ராயக்கோட்டை துருக்கம் எழுந்து நிற்கும்போது ஊர் வந்துவிட்டது என்று பொருள். பாரமகால் என்று அழைக்கப்பட்ட இந்தச் சீமையின் மலைக்கோட்டைகளில் இதுவும் ஒன்று. 1791-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, மறு ஆண்டு திப்புவோடு செய்த உடன்படிக்கையில் பாரமகால் முழுவதும் அவர்களிடம் போனது. மலையேற வேண்டுமானால் சைக்கிளையும் பையையும் அடிவாரத்தில் ஆள் இருக்கும் கடையில் சொல்லிவிட்டு ஏறுங்கள். பூட்டை மட்டும் நம்பி மரத்தடியில் விட்டுப் போகாதீர்கள்.

ராயக்கோட்டைக்கு மேல் காற்றே மாறும். செம்மண்ணுக்கு நடுவே ரோஜாக் குடில்கள், முட்டைக்கோஸ், ராகி. டீக்கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். கீழே தருமபுரியிலேயே பார்த்த ‘அள்ளி’ என்ற ஊர்ப்பெயரின் ‘ஹள்ளி’ இங்கே காதில் விழும். கெலமங்கலம் 18 கிலோமீட்டர், அங்கிருந்து தேன்கனிக்கோட்டை 13. மாலை 4 மணிக்குள் பேட்டராய சுவாமி கோயில் தெருவில் இருக்க வேண்டும், காரணம் கீழே.

தங்கும் விடுதி இங்கே அதிகம் இல்லை. முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள். தரைத்தளத்து அறை கேளுங்கள், சக்கரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே கொண்டுபோகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். இடம் கிடைக்காவிட்டால் ஓசூர் 25 கிலோமீட்டர். அந்த முடிவை மதியம் 1 மணிக்குள் கெலமங்கலத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

யானை

சைக்கிளுக்கு நல்ல மாதமும் ராகி முற்றும் மாதமும் ஒன்றே. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் காலத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்குகிறது. ராகிக் கொல்லைக்கு இரவில் வரும், விடிந்தும் சில சமயம் திரும்பாது. ஆகவே மேட்டு நிலத்தில் காலை 8-க்கு முன்னும் மாலை 5-க்குப் பின்னும் மிதிக்க வேண்டாம். காலையில் டீ குடிக்கும்போதே, “ஆனை எந்தப் பக்கம் இறங்கியிருக்கு?” என்று கேளுங்கள், நேற்று இரவு எந்தக் கொல்லையில் நின்றது என்பதுவரை சொல்வார்கள். சாலையில் நார் தெரியும் பசுஞ்சாணமும் முறிந்த பச்சைக் கிளையும் கண்டால் திரும்பி அடுத்த பேருந்தோ டெம்போவோ வரும்வரை ஊரில் நில்லுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் இறங்கும் சாலை அழகானது, பலர் ஆசைப்படுவார்கள். இந்தச் சுற்றில் அது சேர்க்கப்படவில்லை. 2014-ல் காவேரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டிய வழி அது. வளைவு திரும்பியதும் யானை நின்றால் பேருந்துக்குப் பின்னோக்கிப் போக முடியும். எட்டுக் கிலோ சுமையோடு ஏற்றத்தில் நிற்கும் சைக்கிளுக்கு முடியாது. அதைப் பேருந்து ஜன்னலிலிருந்து பாருங்கள்.

மூன்றாம் நாள்: தேன்கனிக்கோட்டை – ராயக்கோட்டை – மாரண்டஅள்ளி – பாலக்கோடு – தருமபுரி, 85 கி.மீ.

வெயிலேறிக் கிளம்பினாலும் பரவாயில்லை, 8 மணிக்கு மேல் புறப்படுங்கள். ராயக்கோட்டைவரை வந்த வழிதான். அதன்பின் தெற்கே இறக்கம். ஓசூரிலிருந்து அதியமான்கோட்டைக்கு நான்கு வழிச் சாலை வந்துவிட்டதால் கனரக வண்டிகள் அதில் போகின்றன. ஊர்களுக்குள் நுழையும் பழைய சாலை அதனால் சைக்கிளுக்கு நல்லதாகிவிட்டது. பழையதையே பிடியுங்கள். இரண்டும் சேரும் இடங்களில் சர்வீஸ் சாலை. எதிர்த்திசையில் வரும் டூவீலர்கள் அங்கே சகஜம், காதில் பாட்டு வேண்டாம்.

இறக்கத்தில் நாய் துரத்தினால் பந்தயம் கட்டாதீர்கள். நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் நூறடியில் விட்டுவிடும். கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி. காயம் சின்னது என்று தருமபுரிவரை தள்ளிப்போடக் கூடாது.

கால் ஒத்துழைக்காவிட்டால் பாலக்கோட்டில் நிறுத்திக்கொள்ளலாம். அங்கிருந்து தருமபுரிக்கு 25 கிலோமீட்டர். சுமை ஏற்றும் ‘குட்டியானை’ வண்டிகள் மண்டிக்குப் பக்கத்தில் நிற்கும், பேசி ஏற்றிவிடலாம். சைக்கிளைப் படுக்க வைத்தால் கியர் இருக்கும் வலப்பக்கம் மேலே இருக்கட்டும்.

ஒகேனக்கல், இன்னொரு நாள் இருந்தால்

தருமபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக 47 கிலோமீட்டர். பென்னாகரம்வரை 30, பிறகு காட்டுக்குள் மலை இறக்கம். ஆடிப்பெருக்கு நாளிலும் காவிரியில் வெள்ளம் போகும்போதும் வேண்டாம். வெள்ளத்தில் பரிசலும் குளியலும் நிறுத்தப்படும், போனது வீண். பைகளைத் தருமபுரி அறையிலேயே விட்டுவிட்டு வெறும் வண்டியோடு போங்கள்.

அந்த இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ரப்பர் கட்டை ரிம்மில் உரசி உரசி ரிம் கொதிக்கும். சூடு ட்யூபுக்குப் போகும். முன்பு ஒட்டிய பஞ்சர் ஒட்டு இளகிக் கழலும், அல்லது ட்யூபே வெடிக்கும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாக இரண்டு நொடி பிடித்து வேகத்தை அறுத்து, வளைவில் முழுக்க விட்டுவிடுங்கள். ஒவ்வொரு இரண்டு கிலோமீட்டருக்கும் நின்று ரிம்முக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் ஐந்து நிமிடம் நிழலில் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டாம். நிற்கும்போது கையில் தின்பண்டம் தெரியக் கூடாது, குரங்கு பையைத் திறக்கத் தெரிந்தது.

திரும்ப அதே மலையை ஏற வேண்டும் என்பதை மீன் வறுவல் கடையில் உட்காரும் முன் நினைவில் வையுங்கள். மதியம் 2-க்குக் கிளம்பினால் பென்னாகரத்துக்கு 4-க்குள் ஏறிவிடலாம். 3 மணியைத் தாண்டிவிட்டால் மிதிக்க வேண்டாம். காட்டுச் சாலையில் பொழுது சாயும். பென்னாகரம்வரை குட்டியானை பிடித்து ஏறிவிட்டு, அங்கிருந்து பின்விளக்கை எரியவிட்டு இறங்குங்கள். இரவு அறைக்கு வந்ததும் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். ரப்பரில் வெட்டியிருக்கும் பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் ஊருக்குப் போவதற்குள் மாற்ற வேண்டும். கட்டைக்குள் அலுமினியத் துணுக்கு மினுங்கினால் ஊசியால் நெம்பி எடுத்துவிடுங்கள், அதை விட்டால் ரிம்மை அறுக்கும்.